உறையில் நிற்காத துப்பாக்கி

என் கணவர் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடிய காலம் ஒன்று உண்டு. அவரைத் தெரிந்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற மனிதர் அவர்.

தாமலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமான பிறகு டவுனை ஒட்டிய செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவர் சிமெண்டு, கம்பி விற்கும் கடை வைத்திருக்கிறார். ஊரில் நிலமும் உறவும் விட்டுப்போகாததால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். நின்றார், ஜெயித்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஊர் ஏரியில் யாரோ அனுமதியில்லாமல் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கரையை ஒட்டியே பள்ளம் தோண்டினார்கள். நல்ல மழை வந்தால் கரை தாங்காது என்று இவர் மேலே மனு கொடுத்தார். முதலில் போன் வந்தது, யாரென்று சொல்லாத குரல். பிறகு ஒரு மாலை, ஏரிக்கரைச் சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தவரை ஒரு டிப்பர் லாரி உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. முழங்கை எலும்பில் விரிசல். அதற்குப் பிறகு எங்கள் கேட்டுக்கு வெளியே ஏதாவது வண்டி நின்றாலே ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன்.

அதனால் அவர் துப்பாக்கி லைசன்சுக்கு எழுதிப் போட்டபோது நான் தடுக்கவில்லை. சீக்கிரம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அலைந்து திரிந்த பிறகு கிடைத்தது. சின்னதாக, கறுப்பாக ஒரு ரிவால்வர். கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கனமாக இருந்தது. உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து வாங்கியவர், அதை வைக்கிற உறையை மட்டும் செல்போனில் ஏதோ தேடி ஆர்டர் போட்டார். பாலிதீன் கவரில் வந்தது. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று மேலே ஒட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தோல், தொட்டால் ரெக்ஸின். பின்பக்கம் பெல்ட்டில் மாட்ட ஒரு தகர கிளிப். துப்பாக்கி விழாமல் இருக்க மேலே ஒரு பட்டை, அதில் ஒரு பிரஸ் பட்டன். அவ்வளவுதான்.

அதன் லட்சணம் ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்குள் நடக்கும்போது துப்பாக்கி உறைக்குள் ஆடுகிற சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்கும். பெரிய துப்பாக்கிக்கும் சேர்த்துத் தைத்த உறையில் இந்தச் சின்னது தொளதொளவென்று கிடந்தது. கைப்பிடி வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். நாற்காலியிலிருந்து எழுந்தால் கைப்பிடி நாற்காலிக் கையில் மாட்டும். ஒருநாள் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரக் குனிந்தார். டப்பென்று பட்டன் தானாகத் திறந்து துப்பாக்கி பாதி வெளியே வந்துவிட்டது. நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அதை உள்ளே அழுத்தினார்.

அந்த அழுத்துகிற காரியம்தான் என்னால் பார்க்க முடியாதது. துப்பாக்கி இல்லாதபோது உறையின் வாய் காற்றுப்போன பலூன் மாதிரி சப்பிக்கொள்ளும். திரும்ப வைக்க வேண்டுமானால் இடது கை விரல்களை விட்டு வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியைச் சொருக வேண்டும். சொருகும்போது குழல் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே அவருடைய தொடை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனபோது காலி உறை கட்டில்மேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் அழகுக்கு என்று ஒரு வளைவு வெட்டியிருந்தார்கள். துப்பாக்கியை வைத்தால் சரியாக விசை வருகிற இடம் அது. என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. விரல் நுழைகிற இடத்தில் சாவி நுழையாதா, சட்டை நுனி நுழையாதா? கிளிப்பிலும் கொக்கி இல்லை. இடுப்பில் மாட்டினால் பெல்ட்டுக்குக் கீழே எதிலும் பிடிக்காமல் வெறுமனே தொங்கும். அடியிலிருந்து யார் தள்ளினாலும் மேலே ஏறிவிடும்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் சொன்னேன்.

"இத தூக்கிப் போட்டுட்டு வேற நல்லதா வாங்குங்க."

"இதுக்கு இன்னா கேடு? நல்லாதான இருக்குது."

"குனிஞ்சா வெளிய வருது. உக்காந்தா மேல ஏறுது. விசைகிட்ட ஓட்டையா இருக்குது, பாத்தீங்களா?"

"அதுக்குதான பட்டன் வெச்சிருக்கான்."

"அந்தப் பட்டன் என் ஜாக்கெட் ஊக்கு அளவுக்குக்கூட நிக்கலைங்க."

"சரிம்மா, மெட்ராஸ் போவும்போது பாக்கறேன்" என்றார். மெட்ராஸ் போனார், கடைக்குச் சரக்குப் பேசினார், வந்தார். உறை ஞாபகமே இல்லை.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வதை விட்டுவிட்டேன். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு போவேன். லாரிக்காரர்கள் மேலிருந்த பயம்கூடக் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. அவர்கள் என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். இது தினமும் எங்களோடு காபி குடித்தது, டிவி பார்த்தது, வேகத்தடையில் எங்களோடு குலுங்கியது.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தாய்மாமன் என்கிற முறையில் புடவை எடுத்துத் தர வேண்டியது என் கணவர். நாத்தனார், அவள் மகள், நாங்கள் இருவர் என்று காலையிலேயே பட்டுக்கடைகள் இருக்கிற காந்தி ரோட்டுக்குப் போனோம். கிளம்பும்போதே சொன்னேன்.

"பொடவ எடுக்கறதுக்கு அது எதுக்குங்க? வீட்ல வெச்சிட்டு வாங்க."

"அவனுங்க டவுன்லதான் சுத்திக்கினு இருக்கானுங்க. இருக்கட்டும், சும்மா இரு" என்று சட்டையை இழுத்து மேலே மூடிக்கொண்டார்.

நாங்கள் போன கடையில் மாடியில் பெரிய மெத்தை விரித்து வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார வேண்டும். என் கணவர் தூண் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் இடுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு இடமில்லாமல் போயிற்று. கடைக்காரப் பையன்கள் புடவைகளை ஒவ்வொன்றாக விசிறிப் போட்டார்கள். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழம் என்று எங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பட்டு குவிந்தது. பெண் ஒவ்வொன்றையும் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். "மாமா, இது எப்படி இருக்குது?" என்று கேட்டுக்கேட்டு அவரையும் சிரிக்க வைத்தாள். கடைசியில் அரக்கில் பச்சைக் கரை வைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கீழே போய்ப் பில் போட்டு, எதிர்ப்பக்கம் இருந்த ஓட்டலில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம்.

கை கழுவப் போனவர் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உட்காரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்து காதருகில் சொன்னார்.

"அது இல்லம்மா."

எது என்று நான் கேட்கவில்லை. இட்லியைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன். நாத்தனாரிடம் போன் பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தோம். சட்டையைத் தூக்கிக் காட்டினார். உறை மட்டும் பெல்ட்டுக்கு மேலே ஏறிக் கோணலாக நின்றது. பட்டை திறந்து தொங்கியது.

"ரோட்ல உழுந்திருந்தா சத்தம் கேட்டிருக்கும்ல? ஓட்டல்ல பாத்துட்டேன், இல்ல" என்றார்.

"சம்மணம் போட்டுக்கினு உக்காந்தீங்களே. அங்கதான். தொடை தள்ளி மேல ஏத்தியிருக்கும்."

"அவ்ளோ பொடவைங்க. சத்தமே கேட்டிருக்காது."

இருவரும் அதையேதான் நினைத்தோம். குண்டு போட்ட துப்பாக்கி, விசை திறந்தபடி, யார் யாரோ கையை விட்டு அள்ளுகிற பட்டுக் குவியலுக்குள். நான் சாலையைக் கடக்க ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"போய் இன்னான்னு சொல்றது? துப்பாக்கிய உட்டுட்டேன்னு சொன்னா லைசன்சு போயிடும். ஊர்ல தல காட்ட முடியாது. செல்போன காணோம்னு சொல்லிட்டு மெதுவா தேடுவோம்."

எனக்கு அப்போது வாதாடத் தெம்பில்லை. எப்படியாவது அந்த மாடிக்குப் போனால் போதும் என்றிருந்தது.

மாடியில் நாங்கள் உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறொரு குடும்பம். தெலுங்கு பேசினார்கள், கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம். மெத்தையின் நடுவில் ஒரு கைக்குழந்தையைத் துண்டு விரித்துத் தூங்கப் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிலும் புதிதாகப் புடவைகள் விழுந்துகொண்டிருந்தன.

எங்களுக்குப் புடவை காட்டிய பையன் ஓடி வந்தான்.

"இன்னா சார், எதனா உட்டுட்டீங்களா?"

"செல்போனுபா" என்றார் என் கணவர்.

"நம்பர் சொல்லுங்க சார், ரிங் உடறேன்."

"அது... சைலண்ட்ல இருக்குது."

சொல்லி முடிக்கவில்லை, அவர் சட்டைப் பையில் செல்போன் அலறியது. ஓட்டலிலிருந்து அவர் தங்கச்சி கூப்பிடுகிறாள். பையன் பையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். ஆனாலும் மரியாதை விடாமல், "வேற எதனா இருந்தாலும் கெடச்சிடும் சார், நீங்க பாத்த பொடவைங்கள்லாம் மடிக்கறதுக்கு அங்க போயிருச்சி. உதறிப் பாக்கச் சொல்றேன்" என்று மூலையைக் காட்டினான்.

அங்கே தரையில் ஒரு பெண் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குவியல் முழுவதும் அவள் மடியிலும் காலைச் சுற்றியும் கிடந்தது. பையன் அவளைப் பார்த்து, "அக்கா, அத அப்படியே தூக்கி ஒரு ஒதறு ஒதறு" என்றான். அவள் ஒரு கொத்தை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"உதறாதீங்க! கைய எடுங்க, கைய எடுங்க!"

கத்தியது நான்தான் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது. மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. கீழே கல்லாவில் இருந்த முதலாளி சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தார். நெற்றி நிறைய விபூதி, தறிக்காரக் குடும்பத்து மனிதர். அவரிடம் குரலைத் தாழ்த்தி உள்ளதைச் சொன்னேன். துப்பாக்கி, குண்டு இருக்கிறது, விசை மூடாமல் இருக்கிறது, அந்தக் குவியலில் இருக்கலாம், மெத்தையிலும் இருக்கலாம்.

அவர் என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராக மெத்தைக்குப் போய்க் குழந்தையைத் தானே குனிந்து தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தார். தெலுங்கில் ஏதோ பணிவாகச் சொல்லி எல்லோரையும் கீழே அனுப்பினார். கடை ஆட்களையும் இறங்கச் சொன்னார். மூலையிலிருந்த பெண்ணிடம் மட்டும், "நீ அசையாதம்மா. அப்படியே உக்காந்திரு" என்றார்.

மெத்தையின் துணியை அவரும் என் கணவரும் ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தார்கள். ஒன்றும் இல்லை. மிச்சம் அந்தப் பெண்ணின் மடிதான்.

என் கணவர் அவள் எதிரில் மண்டி போட்டார். முதல் புடவையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். "என்னால முடியலம்மா" என்றார். நான் அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

ஜரிகைப் புடவை சும்மாவே கனம். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக, இழுக்காமல், தூக்கித் தூக்கி விலக்கினேன். அந்தப் பெண் மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. "அக்கா, மெதுவா" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். மாம்பழ நிறப் புடவை ஒன்றை விலக்கும்போது அது வரமாட்டேன் என்றது. அடியில் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன். மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தேன். கறுப்புக் கைப்பிடி என்னைப் பார்த்து இருந்தது. குழல் அவள் வயிற்றைப் பார்த்து இருந்தது.

முந்தானை ஓரத்தில் முடிச்சுப் போடாமல் விட்டிருந்த பட்டு இழைகள், விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பட்டு இழைக்கெல்லாம் விசை நகராது என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். எத்தனை இழை சேர்ந்தால் நகரும் என்று கேட்டேன்.

முதலாளி கத்தரிக்கோல் கொண்டுவந்தார். தன் கடைப் புடவையின் இழைகளைத் தானே குனிந்து, கத்தரியின் நுனியால், வளையத்துக்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். நான் அந்தப் பெண்ணிடம் பின்னால் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். குழல் அவளை விட்டு விலகிச் சுவரைப் பார்க்கும்படி கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். என் கணவர் வாங்கிக் குண்டுகளைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். அவை அவர் கையில் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். நின்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"என் மடிமேலதான் இருந்திருக்குது" என்றாள். "கெட்டியா இருக்குதேன்னு அதுமேலதான் முழங்கைய ஊணிக்கினு இருந்தேன்."

முதலாளி அவளுக்குத் தண்ணீர் வரவழைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க ஊர்க்காரங்க எனக்கும் தறி ஓட்டறாங்க. நீங்க ஏரிக்காகப் போராடறதும் எனக்குத் தெரியும். ஆனா இத நீங்களே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்ல வேண்டியதா இருக்கும்."

"சொல்றேங்க" என்றார் என் கணவர். கையெடுத்துக் கும்பிட்டார். வெட்டுப்பட்ட புடவையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னேன். "வேணாம்மா, போய்ட்டு வாங்க" என்றார். அவர் குரலில் இனி வராதீர்கள் என்பதும் இருந்தது.

நாத்தனாரையும் பெண்ணையும் ஆட்டோ ஏற்றிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார், நான் கேட்கவில்லை. அங்கே இருந்த ஏட்டு நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலித் துப்பாக்கியை அதில் வைத்து இடுப்பில் மாட்டச் சொன்னார்.

"பெஞ்சுல உக்காருங்க சார்." உட்கார்ந்தார். துப்பாக்கி உறையிலேயே நின்றது.

"சம்மணம் போடுங்க."

போட்டார். தொடை அடியிலிருந்து தள்ளியது, உறை மேலே ஏறியது, வயிறு பட்டையை நெருக்கியது, பட்டன் டப்பென்று விட்டது. துப்பாக்கி பெஞ்சில் விழுந்து அங்கிருந்து தரைக்கு உருண்டது. காலி என்று தெரிந்தும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஏட்டு சிரிக்கவில்லை.

"இதுல செல்போன்கூட வெக்க மாட்டேன் சார் நானு" என்றார். "ஆளுங்களுக்குப் பயந்து இத வாங்கனீங்க. இதுக்கு யாரு பயப்படறது?"

துப்பாக்கியை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். லைசன்சுமேல் விசாரணை நடந்தது. அது முடிகிற வரைக்கும்கூட இவர் காத்திருக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கண்ண மூடனா அந்தப் பொண்ணு மடிதான்மா தெரியுது" என்றார். ஏரி விஷயத்தை மட்டும் விடவில்லை. அதிகாரிகள் வந்து பள்ளங்களை அளந்தார்கள், லாரிகள் வருவது குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை. இன்றைக்கும் அவர் ஊருக்குப் போய்ச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பேன். அந்தப் பயத்துக்கு மருந்து எங்களிடம் இல்லை.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. பெண்ணுக்கு அரக்குப் புடவை எடுப்பாக இருந்தது. அவளிடமும் நாத்தனாரிடமும் நாங்கள் எதையும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, கூட வேலை செய்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் அந்தப் புடவை மடிக்கிற பெண். எனக்கு முன்னால் அவள்தான் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

"இருக்கேன்மா. நீ இன்னும் அங்கதான் வேல செய்யறியா?"

"அங்கதான். எங்க போறது?" டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு வாரம் லீவு போட்டேங்க்கா. அப்பறம் போனேன். இப்ப பொடவைங்க வந்து உழுந்தா, மொதல்ல மேல தடவிப் பாத்துட்டுதான் மடியில எடுத்துக்கறேன். பசங்கள்லாம் கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும்."

மன்னித்துக்கொள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னேன்.

"நீங்க கத்தனதாலதான் நான் கைய எடுத்தேன்" என்றாள். "ஆனா உங்க வீட்டுக்காரரு மேல எனக்குக் கோவம் இருக்குதுக்கா. போன காணோம்னு சொன்னாரு இல்ல? நானு ஒதறியிருப்பேன்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஐயம்பேட்டை வந்ததும் அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள். "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவுக்குள் போனாள்.